சிறு குழந்தைகளோடு அவசரமின்றி வாழ்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தைப் பருவம் முதல் ஏறத்தாழ ஆறு வயது வரையிலான குழந்தைகளை வளர்ப்பவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பெற்றோர் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் தாத்தா, பாட்டி, பிற உறவினர், பராமரிப்பாளர் ஆகியோரையும் சேர்த்தே கொள்ளவும்.

‘ஒவ்வொரு கணத்தையும் அனுபவியுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடைமுறையில் அதற்கு என்ன பொருள்?

‘ஒவ்வொரு’ என்பதை முதலில் விட்டுவிடலாம். அது யாராலும் இயலாதது. இயலாத ஒன்றை இலக்காக வைத்துக்கொண்டால் குற்றவுணர்வுதான் மிஞ்சும். நடைமுறையில் இதன் பொருள் எளியது. எப்படியும் செய்தே ஆகவேண்டிய ஒரு வேலையைக் குழந்தையோடு செய்யும்போது, மனத்தை அடுத்த வேலைக்கு முன்கூட்டியே அனுப்பிவிடாமல், அது முடியும்வரை அதிலேயே இருக்கவேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் அது சோப்பு நுரையை உள்ளங்கையில் ஏந்தி, ஊதிப் பார்த்து, நுரை மூக்கில் ஒட்டிக்கொண்டதும் திகைத்து நம் முகத்தைப் பார்க்கிறது. அந்தப் பார்வையைத் திரும்பிப் பார்ப்பதற்குச் சில நொடிகள் போதும்.

இனிய அனுபவத்தை உணர்ந்து அதில் நிலைத்து நிற்கும் திறனை உளவியலாளர் ஃபிரெட் பிரையன்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். நடந்ததை நினைத்து மகிழ்வது, நடப்பதில் திளைப்பது, வரப்போவதை எதிர்நோக்கி மகிழ்வது என்று மூன்று வழிகளிலும் அது நிகழ்வதாக அவர் விளக்குகிறார். அவருடைய ஆய்விலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி, இனிமையான ஒன்று நடப்பதும் அதை நாம் உணர்வதும் வேறுவேறு என்பதாகும். குழந்தை சிரிக்கும்போது பக்கத்திலேயே இருந்தும் அந்தச் சிரிப்பு நம்மை எட்டாமல் போய்விடக்கூடும்.

எனக்கு நேரமே இல்லை. கூடுதல் நேரத்திற்கு எங்கே போவது?

வேலைக்குப் போகும் பெற்றோரும் வீட்டிலேயே இருக்கும் பெற்றோரும் இதைக் கேட்கிறார்கள். கூடுதல் நேரம் கிடைத்தால்தான் நிதானமாக இருக்க முடியும் என்ற எண்ணமே பலரைத் தொடங்கவிடாமல் தடுத்துவிடுகிறது. சிறு குழந்தையின் ஒரு நாளைக் கவனித்துப் பாருங்கள்: விழிப்பது, பல் துலக்குவது, குளிப்பது, உடுத்துவது, உண்பது, வெளியே கிளம்புவது, திரும்பி வருவது, உறங்கப் போவது ஆகியவற்றாலேயே அது பெரும்பாலும் நிரம்பியிருக்கிறது. இவற்றை எல்லாம் விரைந்து முடித்துவிட்டு, எஞ்சும் நேரத்தில் குழந்தையோடு மகிழ்ச்சியாக இருக்கலாம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அந்த எஞ்சிய நேரம் வந்து சேரும்போது குழந்தைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. நமக்கும் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. குளிப்பதையும் உடுத்துவதையும் தவிர்த்துவிட்டால் குழந்தையின் நாளில் மிச்சம் அதிகமில்லை என்பதால், நிதானத்தை அந்த வேலைகளுக்குள்ளேயே தேடுவதுதான் வழி.

முந்தைய தலைமுறையினர் குழந்தைகளோடு அதிக நேரம் இருந்தார்கள் என்ற நம்பிக்கை பரவலானது. மேலை நாடுகள் பதினொன்றில் 1965 முதல் 2012 வரை திரட்டப்பட்ட நேரப் பதிவுகளை ஆராய்ந்தபோது கிடைத்த சித்திரம் வேறு. குழந்தை வளர்ப்பில் தாய்மார் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 54 நிமிடத்திலிருந்து 104 நிமிடமாகவும், தந்தையர் செலவிட்டது 16 நிமிடத்திலிருந்து 59 நிமிடமாகவும் கூடியிருந்தன. இவ்வளவு கூடியும் நேரம் போதவில்லை என்ற உணர்வு நம்மிடம் குறைந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு ஒரு காரணம், உடல் இருக்கும் இடத்தில் மனம் இருப்பதில்லை. 2010-இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் 2,250 பெரியவர்களிடம் கைப்பேசி வழியாக நாளின் வெவ்வேறு வேளைகளில் ‘இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 47 விழுக்காடு வேளைகளில் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது. ஆகவே நேரத்தைத் தேடி அலைவதற்கு முன்பு, ஏற்கெனவே குழந்தையோடு கழியும் வேளைகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் மட்டும் முழுமையாக இருந்து பார்ப்பது பயனளிக்கும். உடை மாற்றும் வேளையோ, தலை துவட்டும் வேளையோ, எதுவாயினும் சரி.

என் குழந்தை எதையும் மிக மெதுவாகச் செய்கிறது. வேண்டுமென்றே செய்கிறதோ என்றுகூடத் தோன்றுகிறது.

மூன்று வயதுக் குழந்தை காலணி மாட்டிக்கொள்வதை ஒரு முறை தொடக்கம் முதல் இறுதி வரை குறுக்கிடாமல் பாருங்கள். படியில் உட்கார்ந்து காலை உள்ளே நுழைக்கிறது. விரல்கள் சுருண்டுகொள்கின்றன, குதிகால் உள்ளே போக மறுக்கிறது. இழுத்துப் பார்க்கிறது, எழுந்து நின்று மிதித்துப் பார்க்கிறது, மீண்டும் உட்கார்ந்து கழற்றி, உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது, இம்முறை இடது காலுக்குரியதை வலது காலில். நமக்குக் கை தானாகச் செய்யும் ஒரு செயல், அதற்கு விரல் வலிமை, சமநிலை, இரண்டு கைகளின் ஒத்துழைப்பு, அடுத்து என்ன என்ற நினைவு ஆகிய அனைத்தையும் ஒரே சமயத்தில் கேட்கும் கடினமான பணி. இதில் பிடிவாதம் எதுவும் இல்லை. குழந்தை உழைத்துக்கொண்டிருக்கிறது.

மூளையின் வளர்ச்சியும் இதற்குக் காரணம். திட்டமிடுதல், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், தூண்டுதலை அடக்குதல் ஆகியவற்றுக்கு அடிப்படையான முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. விளையாட்டை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நாம் சொல்லும்போது, குழந்தையிடம் இன்னும் முழுமையாக அமையாத ஒரு திறனை நாம் எதிர்பார்க்கிறோம். ‘பத்து நிமிடம்’ என்ற சொல்லும் அதற்கு ஏறக்குறைய வெற்று ஒலிதான்.

இந்த மெதுவான போக்கில் ஒரு பேறும் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே படங்களைக் காட்டி, அவற்றில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். கவனிக்கச் சொன்னவற்றைப் பெரியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கவனிக்கச் சொல்லாதவற்றைப் பற்றிக் கேட்டபோது குழந்தைகளே முந்தினார்கள். தேவையில்லாதது என்று நாம் கழித்துக்கட்டும் எறும்பு வரிசையும், சுவரில் நகரும் வெயிலும், நடைபாதையின் விரிசலும் குழந்தையின் கண்ணில் படுவது இதனால்தான். நம் கண்ணிலிருந்து நழுவிப்போன உலகம் அதன் வழியாக நமக்கு மீண்டும் கிடைக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

காலையில் குறித்த நேரத்திற்குக் கிளம்பியே ஆகவேண்டும். அப்போது நிதானத்தை எப்படிக் கடைப்பிடிப்பது?

எல்லாக் காலைகளிலும் முடியாது. ஆனால் அவசரத்தின் பெரும்பகுதி வேலையின் அளவால் வருவதில்லை. ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாறும் இடத்தில்தான் முட்டிக்கொள்கிறது. அந்த இடங்களைச் சற்றுத் தளர்த்திவிட்டால் காலையின் முகமே மாறிவிடும்.

உடை, பை, காலணி ஆகியவற்றை முதல்நாள் இரவே குழந்தையோடு சேர்ந்து எடுத்து வைக்கலாம். எந்தச் சட்டை என்ற வாக்குவாதம் இரவில் நடந்தால் அது விளையாட்டு. காலையில் நடந்தால் அது போர். மாற்றத்தை அறிவிக்கும்போது நிமிடக் கணக்கைச் சொல்லாமல், குழந்தை கண்ணால் காணக்கூடிய ஒன்றைச் சொல்வது நல்லது. ‘இந்தக் கோபுரத்தை முடித்ததும் எழுந்திருப்போம்’, ‘இன்னும் மூன்று முறை சறுக்கிவிட்டுப் போகலாம்’ என்பவை அதற்குப் புரியும். அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பதைவிட, அருகில் சென்று, குனிந்து, முகம் பார்த்து ஒரு முறை சொல்வது பெரும்பாலும் விரைவில் பலனளிக்கும். சொன்ன பிறகு சில நொடிகள் பேசாமல் காத்திருக்கவும் வேண்டும். கேட்டதை உள்வாங்கிச் செயலாக மாற்றுவதற்குச் சிறு குழந்தைக்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளிக்குள் நாம் மீண்டும் மீண்டும் சொல்வதால், அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்கத் தொடங்குகிறது.

உண்மையிலேயே தாமதமாகிவிட்ட நாளில், ‘இன்று நமக்கு நேரமில்லை, நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன்’ என்று கோபமின்றிச் சொல்லித் தூக்கிச் செல்வதில் தவறொன்றும் இல்லை. அவசரத்தை மறைத்துக்கொண்டு பற்களைக் கடிப்பதைவிட அது குழந்தைக்கு நல்லது.

குழந்தையோடு இருக்கும்போது கைப்பேசியைத் தொடவே கூடாதா?

அப்படி ஒரு விதியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் கைப்பேசி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த சோதனை ஒன்று உலகெங்கும் அறியப்பட்டது. முதலில் தாய் கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு சிறிது நேரம் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை உடனே மாற்றத்தைக் கண்டுகொண்டது. சிரித்துப் பார்த்தது, குரல் எழுப்பியது, கையை நீட்டியது. எதற்கும் மறுமொழி கிடைக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கத் தொடங்கியது.

இந்தச் சோதனை கைப்பேசிகள் வருவதற்கு முன்பே நடந்தது. கைப்பேசி பார்ப்பதால் குழந்தைக்குக் கேடு விளைகிறது என்பதற்கு அதை நேரடிச் சான்றாகக் காட்டக் கூடாது. எனினும் திரையில் ஆழ்ந்திருக்கும் நம் முகம், அருகில் இருந்தும் மறுமொழி தராத முகமாகவே குழந்தைக்குத் தெரியும் என்பதை எவரும் கண்ணாடியில் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

செய்யக்கூடியவை சில உண்டு. உணவு வேளை, குளியல் வேளை, உறங்க வைக்கும் வேளை என்று நாம் தேர்ந்தெடுத்த ஓரிரு வேளைகளில் கைப்பேசியைக் கைக்கெட்டாத இடத்தில், முடிந்தால் வேறு அறையில், வைத்துவிடலாம். சட்டைப்பையில் இருந்தால் அது அழைத்துக்கொண்டே இருக்கும். மற்ற நேரங்களில் அதை எடுக்கும்போது, ‘ஒரு செய்தி அனுப்பிவிட்டு வருகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம். நாம் ஏன் முகத்தைத் திருப்பினோம் என்பது குழந்தைக்குத் தெரியும். நாம் சொன்னதற்கு மேல் நீட்டிக்கொண்டே போவதும் நமக்கே உறைக்கும்.

குழந்தைக்கான திரை நேரம் தனிக் கேள்வி. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை நேரம் கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது.

புகைப்படமும் காணொளியும் எடுப்பது அந்தக் கணத்தைக் கெடுத்துவிடுமா? எடுக்காவிட்டால் மறந்துவிடுமே என்ற பயமும் இருக்கிறது.

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. லிண்டா ஹென்கல் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தவர்கள் சில பொருள்களைப் படம் எடுத்தார்கள், சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்தார்கள். மறுநாள், படம் எடுத்த பொருள்களைப் பற்றிய நினைவு, பார்த்த பொருள்களைப் பற்றிய நினைவைவிட மங்கலாக இருந்தது. ஆனால் ஒரு பொருளின் குறிப்பிட்ட பகுதியைக் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தபோது நினைவு அப்படி மங்கவில்லை. கேமராவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மனம் விலகிக்கொள்வதுதான் சிக்கல் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே ஒன்றிரண்டு படங்கள் எடுத்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடலாம். ‘இன்னொரு முறை அதே மாதிரி சிரி’ என்று குழந்தையைக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால், அங்கே இருந்த சிரிப்பு ஏற்கெனவே போய்விட்டது.

படங்களில் பிடிபடாத ஒன்றுக்காக ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளுமாறு எல்லோருக்கும் சொல்வேன். குழந்தை தானே உருவாக்கிக்கொண்ட சொற்கள், தவறாக உச்சரிக்கும் பெயர்கள், பயப்படும் பொருள், விடாமல் கேட்கும் கேள்வி ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு வரியில் எழுதினால் போதும். தினமும் எழுத வேண்டியதில்லை. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தைப் பருவத்தைத் தலையை உயர்த்தி அசைவது, கைகொட்டுவது, முத்தம் தருவது, தளர்நடையிட்டு வருவது என்று செயல்களாலேயே பகுத்தார்கள். குறிப்பேட்டுக்கு அதைவிட நல்ல முன்மாதிரி தேவையில்லை. எழுதுவதற்காகவாவது நாம் கூர்ந்து கவனிக்கத் தொடங்குவோம். புதிதாக வந்த மாற்றங்கள் மட்டுமின்றி, மழலைச் சொல் ஒன்று திருத்தமாகி மறைந்துபோனதும் நம் கண்ணுக்குத் தெரியும்.

எப்படியும் குழந்தைக்கு இவை நினைவில் இருக்கப்போவதில்லை. பிறகு என்ன பயன்?

பெரியவர்களிடம் அவர்களுடைய மிகப் பழைய நினைவைக் கேட்டால், பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரை வயதுக்குப் பிந்தைய ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய காலம் நிகழ்ச்சிகளாக நினைவில் தங்குவதில்லை என்பது உண்மை. ஆயினும் அந்தக் காலம் வீணாகக் கழிந்துவிடவில்லை. வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் மூளையில் நொடிக்குப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட புதிய நரம்பிணைப்புகள் உருவாகின்றன என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் குறிப்பிடுகிறது. குழந்தை ஒரு ஒலியோ பார்வையோ சைகையோ தருவதும், பெரியவர் அதற்கு உடனே மறுமொழி தருவதுமாகச் செல்லும் பரிமாற்றமே அந்த இணைப்புகளை வலுப்படுத்துவதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. குழந்தை ஜன்னலுக்கு வெளியே கை காட்டுகிறது; நாம் அந்தப் பக்கம் பார்த்து, ‘ஆமாம், காக்கை உட்கார்ந்திருக்கிறது’ என்கிறோம். அது மீண்டும் கை காட்டுகிறது. இவ்வளவுதான் அந்தப் பரிமாற்றம். அழைத்தால் யாரோ திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை, எப்போது கிடைத்தது என்று நினைவில்லாமலே குழந்தைக்குள் தங்கிவிடுகிறது.

நினைவுகளைக் குழந்தை தங்கவைத்துக்கொள்வதற்கும் நாம் உதவ முடியும். நடந்ததைப் பற்றி விரிவாகப் பேசும் தாய்மாரின் குழந்தைகளை நியூசிலாந்தில் சிறு வயது முதல் பதின்பருவம் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வில், அக்குழந்தைகள் தங்கள் வாழ்வின் இன்னும் முந்தைய கட்டத்தை நினைவுகூர்ந்தார்கள் என்று தெரியவந்தது. இரவு படுக்கையில், ‘இன்று மழை வந்தபோது நாம் எங்கே ஒதுங்கினோம்? அங்கே யார் நின்றிருந்தார்கள்? உன் கால் எப்படி இருந்தது?’ என்று கேட்டு, குழந்தை சொல்லும் துண்டுகளோடு நம் துண்டுகளையும் சேர்த்தால் போதும். சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மேலாக, குழந்தை இன்று மகிழ்ச்சியாக இருப்பதற்குப் பிற்காலப் பயன் எதையும் காரணமாகக் காட்ட வேண்டிய தேவையே இல்லை என்று கருதுகிறேன். அதுவும் ஒரு மனிதர். இன்றைய நாள் அதற்கும் ஒரு நாள்.

ஒரே கதையை, ஒரே விளையாட்டை நூறு முறை கேட்கிறது. எனக்குச் சலித்துவிடுகிறது.

சலிப்பது இயல்பு. ஆனால் குழந்தை அதே கதையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஜெசிகா ஹார்ஸ்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள், அதே புதிய சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால், மற்றவற்றைக் கவனிக்க மனத்தில் இடம் கிடைக்கிறது.

கதை மாறாவிட்டாலும் கேட்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார். ஆகவே பத்தாவது முறை படிக்கும்போது புத்தகத்தைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். சிங்கம் வரப்போகும் பக்கத்திற்கு முன்னதாகவே மூச்சைப் பிடித்துக்கொள்வதையும், நாம் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் உடனே திருத்துவதையும், முன்பு பயந்த இடத்தில் இப்போது நம்மைப் பார்த்துச் சிரிப்பதையும் காண முடியும். அதன் பிறகும் சலித்தால், ‘இன்னும் ஒரு முறை, பிறகு நாளைக்கு’ என்று எல்லை வைக்கலாம். மனம் இல்லாமல் ஐந்து முறை படிப்பதைவிட மனத்தோடு ஒரு முறை படிப்பது மேல்.

பல நேரங்களில் எனக்கு மகிழ்ச்சியே தோன்றுவதில்லை. ‘இந்தக் காலம் திரும்ப வராது’ என்று பிறர் சொல்லும்போது குற்றவுணர்வு கூடுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தாங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறார்கள். 2004-இல் டேனியல் கானெமனும் உடன் பணியாற்றியவர்களும், வேலைக்குச் செல்லும் 909 அமெரிக்கப் பெண்களிடம் முந்தைய நாளின் ஒவ்வொரு செயலையும் அப்போதைய உணர்வையும் பதிவு செய்யச் சொன்னார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது இன்பம் தரும் செயல்களின் வரிசையில் மிகவும் கீழே இருந்தது. அவர்கள் தங்கள் குழந்தைகளை நேசிக்கவில்லை என்பது இதன் பொருளாகாது. குழந்தை வளர்ப்பு உழைப்பு. தூக்கமின்மையும் அழுகையும் ஓயாத துப்புரவு வேலையும் அதன் பகுதி. அவற்றை இன்பமாக உணர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

‘திரும்ப வராது’ என்ற வாக்கியத்தைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரவு மூன்று முறை எழுந்த தாயிடம் அது ஒரு கடமையாகப் போய்ச் சேர்கிறது. அவருக்கு அப்போது தேவைப்படுவது, யாராவது குழந்தையை வாங்கிக்கொண்டு அவரைச் சிறிது நேரம் உறங்க விடுவது. களைப்பு தீராமல் ரசனை வராது. உதவி கேட்பதும், கேட்காமலே உதவுவதும் இந்தப் பக்கத்தின் பிற ஆலோசனைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டியவை.

முன்பு குறிப்பிட்ட ட்ரோனிக்கின் ஆய்வுகளிலேயே ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. நல்ல உறவுள்ள தாயும் குழந்தையும்கூட ஒருவரோடொருவர் முழுமையாக ஒத்திசைந்திருந்தது ஏறத்தாழ 30 விழுக்காட்டு நேரம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் விலகுவதும் மீண்டும் சேர்வதுமாகவே சென்றது. அப்படி மீண்டும் சேர்வதிலிருந்தே குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும், குழந்தைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் போதும் என்றார்.

ஆனால் வாரக்கணக்கில் எதிலும் மகிழ்ச்சி தோன்றாமல், குழந்தையைப் பார்த்தாலும் வெறுமையோ அச்சமோ மட்டும் நீடித்தால், அது முயற்சிக் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். உலகளவில் புதிதாகக் குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலச் சிக்கலுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தந்தையருக்கும் அது வருவதுண்டு. மருத்துவரிடம் சொன்னால் சிகிச்சை உண்டு. பலன் தரும் சிகிச்சை உண்டு. தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

மாலையில் தாமதமாகத்தான் வீடு திரும்புகிறேன். குழந்தையோடு இருப்பதே கொஞ்ச நேரம்.

2015-இல் மெலிசா மில்கியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்று, மூன்று முதல் பதினொரு வயதுக் குழந்தைகளின் நடத்தைக்கும் மனநலத்திற்கும் படிப்புக்கும் தாய் செலவிடும் நேரத்தின் அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. எனவே மணிக்கணக்கைப் பார்த்து மனம் நோக வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்தவுடன் உள்ள முதல் சில நிமிடங்களை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் குழந்தை தானாக வந்து சேரும். கேள்வி கேட்காமல், அது கொண்டுவருவதைப் பார்த்தால் போதும்.

இரண்டு குழந்தைகள் இருந்தால்?

ஒருவரோடு இருக்கும்போது மற்றவர் குறுக்கே வருவது தவிர்க்க முடியாதது. சின்னதன் உடையை மாற்றும்போது பெரியதைத் துணி எடுத்துக் கொடுக்கச் சொல்வது போல, வேலைக்குள்ளேயே இருவருக்கும் இடம் தரலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு வழக்கம் இருப்பதும் நல்லது: ஒன்றோடு குப்பை கொட்டப் போவது, மற்றொன்றோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

சிறு வயதிலேயே பல வகுப்புகளில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடாதா?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை கற்றுக்கொள்வதற்கு விளையாட்டே முதன்மையான வழி. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமைகளாகவே அறிவிக்கிறது. குழந்தை விரும்பிப் போகும் ஒரு வகுப்பு இருக்கட்டும். வகுப்புகளுக்கு இடையே வாகனத்திலேயே உண்டு, வாகனத்திலேயே உறங்கும் நிலை வந்துவிட்டால், அவற்றில் ஒன்றை நிறுத்திவிடுவதே சரி. தானாக விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் குழந்தையைப் பாராட்டவோ பாடம் சொல்லவோ இடைமறிக்காமல், அருகில் நம் வேலையைச் செய்துகொண்டிருப்பதும் சேர்ந்து இருப்பதுதான்.

என் குழந்தைக்கு இப்போது எட்டு வயது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. இடங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. இந்த வயதில் நேருக்கு நேர் உட்காரவைத்து ‘இன்று எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பதோடு முடிந்துவிடும். பக்கத்தில் நடந்துகொண்டோ, சேர்ந்து துணி மடித்துக்கொண்டோ இருக்கும்போது, நம் நாளில் நடந்த ஒன்றை நாம் முதலில் சொன்னால், சிறிது நேரம் கழித்து அதுவும் தன் கதையைத் தொடங்கும். இடையில் வரும் மௌனத்தைக் கேள்விகளால் நிரப்பாமல் விட்டுவிட வேண்டும்.

சிறு குழந்தையிடம் முடியாத ஒன்றும் இப்போது முடியும். காலையில் ஏன் அவசரப்படுகிறோம் என்பதை விளக்கிச் சொல்லி, கிளம்பும் வேலைகளின் வரிசையை அதையே அமைக்கச் சொல்லலாம். முதலில் பை, பிறகு பல் துலக்குதல், கடைசியில் தலைவாருதல் என்று அது வகுக்கும் வரிசை நமக்கு முறையற்றதாகத் தோன்றினாலும், திருத்தாமல் ஒரு வாரம் அப்படியே நடத்திப் பார்க்கவும். எங்கே சிக்குகிறது என்பதை வார இறுதியில் அதனிடமே கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.